குறுக்கே வெட்ட வேண்டிய கறி

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி எடுத்தால் இரண்டு சட்டி அடுப்பில் ஏறும். ஒன்று என் குழம்பு. தனியா, மிளகு, தேங்காய் அரைத்து ஊற்றி, ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். இன்னொன்று மருமகளுடைய வறுவல். சீனாக்காரர் செய்கிற மாதிரி, காயும் கறியும் கலந்தது. அது அடுப்பில் ஏறி இரண்டு வெற்றிலை போடுகிற நேரத்தில் இறங்கிவிடும். கோசு கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். கறி பல்லுக்கு வேலையே வைக்காது. முதலில் தீர்ந்துபோவது அவள் சட்டிதான். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் என் வீட்டார் சிரிப்பார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுத அவளுக்குக் கை வரவில்லையாம், திருத்தித்தான் எழுதுகிறாள். மனிதர்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பேச்சைத் திருத்தினால் அது வேறு யாரோ பேசினதாக ஆகிவிடும்.

என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை. கால் இரண்டும் புண்ணாகிப் போனது. ஆறும், மறுபடி வரும். பிறகுதான் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீசில் வாட்ச்மேன் வேலை கிடைத்து மலைக்கு ஏறினோம். நான் ஆலங்காயம் பக்கத்துக் கிராமத்துக்காரி, மாதா கோயில் தெருவில் பிறந்தவள். மலைக்காற்று எனக்கு முதல் வருஷம் பிடிக்கவே இல்லை. காது அடைத்துக்கொள்ளும். பிறகு சமவெளிக்கு இறங்கினால் காது அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது.

என் பெரிய மகன் அவன் அப்பா செய்த தொழிலுக்கே போனான். ஆனால் தொட்டியில் இறங்கவில்லை. தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. அதில் அவனுக்கு நல்ல கை. அதனால் முதலாளி அவனைத் தோல் வாங்குவதற்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எழுபதுகள் முடிகிற சமயம். இரண்டு வருஷம் அங்கேயே இருந்தான். அந்த ஊரில் சீனாக்காரர்கள் பல தலைமுறையாகத் தோல் பதனிடுகிறார்களாம். ஒரு தெரு முழுக்க அவர்கள்தானாம். அதில் ஒருவர் வீட்டுப் பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கோயிலிலேயே தாலிக்குப் பதில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் முடிந்தது. எங்களால் போக முடியவில்லை. போட்டோதான் வந்தது.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் இல்லை. ஒரே பெண். தாய் இல்லாத பெண். அழுது அடம்பிடித்ததால் விட்டுக்கொடுத்தார். ஆனால் என் மகனிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து நான் வருவேன், என் பெண் அங்கே எப்படி இருக்கிறாள் என்று என் கண்ணால் பார்ப்பேன், எனக்குச் சரிப்படவில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன், நீ தடுக்கக் கூடாது. இவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

வாணியம்பாடியில் என் மகனுக்கு வீடு இல்லை. மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தான். அதனால் மருமகள் எங்களோடு மலையில் இருந்தாள். அவன் சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவான். அவள் வந்து இறங்கின அன்றைக்குக் காவலூரே எங்கள் வாசலில் நின்றது. ஜப்பான் பெண் என்றார்கள், நேபாளம் என்றார்கள். பக்கத்து வீட்டு மலைக்காரி ஒருத்தி, நல்லவள், சாமையும் புளியும் விளைவிக்கிறவள், அவள் மட்டும் கிட்ட வந்து பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ சில்லுனு கீது கை. பொண்ணு துன்றதே இல்லியா?" என்றாள்.

தின்னத்தான் இல்லை. களியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். குழம்பு வைத்தால் சோற்றில் ஒரு ஓரத்தில் ஊற்றிக்கொண்டு மற்ற ஓரத்திலிருந்து சாப்பிடுவாள். எங்கள் வீட்டுக்காரருக்கு வாணியம்பாடியில் பழகின உருது வரும், அவளுக்கு இந்தி வரும், அதை வைத்து அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கடைத்தெரு உருதுதான். ஜல்தி, ஜாஸ்தி, போதும் என்பதற்கு பஸ், இப்படி நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் மாமியார் மருமகள் ஒரு மாதம் ஓட்டினோம். பிறகு அவள் தமிழ் கற்றுக்கொண்டாள், பக்கத்து வீட்டு மலைக்காரியிடமிருந்தும் என்னிடமிருந்தும். வாத்தியார்கள் அப்படி, தமிழும் அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தேக்கு இலையில் கட்டிக் கறி கொண்டுவந்தான். நான் மசாலா அரைக்க உட்கார்ந்தேன். அவள் என் கையிலிருந்து கறியை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, இன்னிக்கி நானு" என்றாள்.

அருவாமணை அவளுக்கு ஆகாது. குந்தி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். ஒரு பலகையைப் போட்டு நின்றுகொண்டு கத்தியால் வெட்டினாள். என்னை அடுப்புக்கு அனுப்பினாள். அடுப்பில் என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அதுதான் வேலையே. எங்கள் ஊரில் மாட்டுக்கறிக்கு நெருப்பு தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும். இவளுக்கு நெருப்பு சட்டிக்கு மேலே எழுந்து எட்டிப் பார்க்க வேண்டும். புளியங்கட்டை போட்டால் "இது வேணாம்" என்றாள். மூங்கிலைச் சன்னமாகப் பிளந்து வைத்திருந்தேன், அடுப்பு பற்றவைக்க. அதைக் காட்டினாள். மூங்கில் பிளாச்சு பிடித்ததும் சடசடவென்று எரியும். "ஜாஸ்தி, ஜாஸ்தி அத்தை" என்று என்னை விரட்டினாள். இஞ்சி, பூண்டு, பிறகு கறி. அதைச் சட்டியில் பரப்பி ஒரு மூச்சு விட்டு, புரட்டி, வழித்து எடுத்துவிட்டாள். பிறகு கேரட், பீன்ஸ், கோசு. மறுபடி கறி. கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த புட்டியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு. சோயா சாஸ் என்று பிறகு தெரிந்தது. வெங்காயத் தாளைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிட்டாள். எங்கள் வடைச் சட்டியைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் உச்சுக் கொட்டுவாள். அது அவளுக்குச் சின்னது, மெல்லிசு, அடி தட்டை.

அன்றைக்கு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஞாயிறு தோறும் அதுதான். கறியில் தடவ ஒரு மாவு வேண்டும் என்றாள், மக்காச்சோள மாவு. மலையில் எங்கே கிடைக்கும்? யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் காய்ச்சிக் கொடுக்க ஆரோரூட் மாவு வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். கறிக்கு மேலே ஒரு வழவழப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வயிற்றுப்போக்குக்கு மாவு மிஞ்சவில்லை.

இப்படி நான் நெருப்பு கற்றுக்கொண்டேன், எது முதலில், எது பிறகு என்று கற்றுக்கொண்டேன், சாறு எவ்வளவு என்று கற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் நான் திரும்பியே பார்க்கவில்லை. அவள் கறி வெட்டுவதை. கறி வெட்டுவது எனக்கு ஒருத்தர் காட்ட வேண்டிய வேலையா? உப்புக்கண்டம் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஏழு வயதில் அருவாமணையில் உட்கார்ந்தவள் நான்.

உப்புக்கண்டம் என்றால் கறியை நீளநீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, கயிற்றில் கோத்துக் காயவைப்பது. கறிக்குள் நரம்பு மாதிரி வரி ஓடும் பாருங்கள், அந்த வரி போகிற போக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் துண்டு காய்ந்ததும் கயிற்றிலிருந்து அறுந்து விழுந்துவிடும். கீழே வெயிலில் வாசலிலேயே கட்டுவோம். மலைக்கு வந்த பிறகு அப்படிக் கட்ட முடியவில்லை. சுற்றி இருக்கிறவர்கள் மாட்டைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிடுவது முறையில்லை. அதனால் அடுப்புக்கு மேலே உத்திரத்தில் கட்டிப் புகையில் காயவைத்தேன். வெயில் கண்டத்தை விட அது ருசியாகவே இருந்தது. மலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே சமையல் அது.

ஒரு வருஷம் முடிந்தது. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் சம்பந்தி வருகிறார் என்று கடிதம் வந்தது. மகன் படித்துச் சொன்னான். அவன் குரலே சரியில்லை. மருமகள் சந்தோஷப்பட்டாள், அப்பா வருகிறார் இல்லையா. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவள் தன் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து அடுக்கி, மறுபடி அதே பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.  சின்ன மகன் அப்போது ஆஸ்டலில் படித்தான், வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அவள் வருவதற்கு முன்னால் நான் கோழியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். என் மகனுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவளை அனுப்ப எனக்கே மனம் இல்லை.

சரி, வருகிற மனிதருக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டைப் போட்டு அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நானே செய்ய வேண்டும், மருமகள் அல்ல. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெண் கொடுத்த தகப்பன் முதல் தடவை பெண்ணைப் பார்க்க வந்தால், அன்றைக்கு அவள் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், பெண்ணைக் கொடுத்தேனா வேலைக்காரியைக் கொடுத்தேனா என்று அவர் நினைப்பார். என் மாமியார் லேசுப்பட்ட மனுஷி இல்லை. ஆனால் என் அப்பா வந்த அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூட என்னை எடுக்கவிடவில்லை. என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார் வீட்டுக்காரர். "சுண்ணாம்ப வுட்டுத் தப்பிச்சி மலைக்கு வந்தா இங்கயும் அதுதானா" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். குடைமிளகாய்க்கும் கேரட்டுக்கும் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். வெங்காயத் தாள் பக்கத்து வீட்டுக் கொல்லையில் இருந்தது. கேட்கப் போனேன்.

"எதுக்கு? அந்தக் கறிலயா போடப் போற?" என்றாள் மலைக்காரி.

"ஆமா. வேற எதுல போடுவேன்?"

"ஏங்கிட்ட ஏன் சொல்ற? ரசத்துக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்கினு போக வேண்டியதுதான?"

"நீதான கேட்ட?"

"கேட்டா உண்மையச் சொல்லிடுவியா?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கை நிறையப் பிடுங்கிக் கொடுத்தாள். கூடவே பறித்த அவரைக்காயும்.

சம்பந்தி சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். மகன் ரயில் ஜங்ஷனுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். மெலிந்த மனிதர், அரைக்கைச் சட்டை, துணித் தொப்பி. கையில் ஒரு கோணிப் பை, வாய் தைத்திருந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கித் தூக்கினார், தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். நகம் பழுப்பு. தொட்டியில் ஊறின கைக்கு எத்தனை வருஷமானாலும் அந்த நிறம் போகாது. சம்பந்தியின் நகமும் அதே பழுப்பு.  அவர் இவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். இது நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன்.

மருமகள் பட்டுப் புடவையோடு பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, நா வெட்றேன்."

"நீ போய் உங்கப்பா பக்கத்துல குந்து."

"காய் மட்டும்."

"காயும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தப் பக்கம் இன்னிக்கி நீ கால வெக்கக் கூடாது. போ."

போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள், தண்ணீர் வேண்டும் என்று. தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்தபோது கதவைச் சாத்திவிட்டேன். நல்லதுதான் செய்கிறோம் என்று எனக்கு அத்தனை நிறைவு.

தொடைக் கறி. நல்ல கறி, ஆனால் ஏர் உழுது ஓய்ந்த மாடு. எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான். அருவாமணையில் உட்கார்ந்து பாதிக் கறியை ரிப்பன் மாதிரி வெட்டினேன். அவ்வளவு மெல்லிசாக நான் என் வாழ்நாளில் வெட்டினதில்லை. வெட்டும்போதே பெருமையாக இருந்தது. மீதிப் பாதியைச் சாயங்காலத்துக்கு என்று மூடிவைத்தேன். ஆரோரூட் மாவு, கறுப்புச் சாறு, ஒரு சொட்டு எண்ணெய் போட்டுப் பிசைந்தேன். மூங்கில் பிளாச்சு போட்டு நெருப்பை எழுப்பினேன். எல்லாம் அவள் செய்கிற வரிசையிலேயே செய்தேன். வாசனை அச்சு அசல் அதே வாசனை.

இலை போட்டுப் பரிமாறினேன். சம்பந்தி கையால் சாப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு குச்சி எடுத்தார். ஒரு அவரைக்காயை எடுத்து வாயில் போட்டார், தலையாட்டினார். என் மகன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பிறகு கறியை எடுத்தார்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன், அவர் இன்னும் அதே துண்டை மென்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரருக்குக் கடைவாயில் இரண்டு பல் இல்லை. அவர் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மகன் தண்ணீர் குடித்தே விழுங்கினான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி கடைசியில் அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார், இரண்டு விரலால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தோலைச் சோதிக்கிற மாதிரி. அது அறுபடவில்லை.

 சாப்பிட்டு முடித்து வீட்டுக்காரரும் சம்பந்தியும் வெளியே புளிய மரத்தடியில் நின்று உருதுவும் இந்தியுமாகப் பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு வீட்டுக்காரர் மட்டும் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னாமே, அந்தப் பொண்ண ஏன் அடுப்புகிட்ட வுட மாட்டேன்னுட்ட?"

"இன்னாங்க இது. மொத தபா அவங்கப்பா வந்துகீறாரு. நம்ம வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும். அவருக்கு யாரு சொன்னது? அவங்க பக்கம் வூட்டுக்கு ஆவாதவளத்தான் அடுப்ப தொட வுட மாட்டாங்களாம். ஒரு வருசம் ஆயிடுச்சி, இன்னும் விருந்தாளி மாரி பொண்ண மூலைல குந்த வெச்சிகீறாங்க, மூணு தபா உள்ள போனா, மூணு தபா தொரத்தி வுட்டாங்க, கதவ வேற சாத்துனாங்கன்றாரு."

 அருவாமணைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கறி நல்லா இல்லேன்னாரா?"

"கறியப் பத்தி ஒண்ணும் சொல்லல. நாளைக்கி மத்தியான பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போறோம்ன்றாரு."

"நீங்க வழக்கத்தச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். சொன்னா யாரு நம்புவாங்க? எனக்கே கேக்கறதுக்கு ஒரு மாரிதான் இருந்துச்சி."

 என் மாமியார் எனக்குக் காட்டின மரியாதையை நான் அப்படியே இந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். அது இன்னொருத்தர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வழக்கத்தை மீறினால் என் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். மீறாவிட்டால் நாளை மத்தியானம் பஸ். யோசிக்க அவ்வளவுதான் இருந்தது.

"அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றேன். "அடுப்படிக் கதவ நல்லா தொறந்து வெச்சிட்டுப் போங்க."

மணி நாலு இருக்கும். அவள் வந்து வாசற்படியிலேயே நின்றாள். காலை உள்ளே வைக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

"வா. மீதிக் கறி கீது. உங்கப்பாவுக்கு நீயே செய். நான் நெருப்பு பாத்துக்கறேன்."

அவள் பட்டுப் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானக் கறி ஒரு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அது அவள் விரலிலிருந்து நீளமாகத் தொங்கியது.

"அத்தை, இது இன்னா?"

"இன்னான்னா? கறி."

"கறி இல்ல. கயிறு. கண்டம் கட்ற கயிறு."

"ஏ, நான் ஏழு வயசுல இருந்து கறி வெட்டறேன். மெல்லிசா இல்லியா அது?"

"மெல்லிசு. ஆனா தப்பு." மூடி வைத்திருந்த கறியை எடுத்துப் பலகையில் வைத்தாள். நகத்தால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். "இந்த வரி பாரு அத்தை. இப்டி போவுது. நீ இப்டியே போற. அதுகூடவே போற. அது ஒடையாது." கத்தியை எடுத்து வரிக்குக் குறுக்கே வைத்து அழுத்தினாள். துண்டு அகலமாக, பூ இதழ் மாதிரி சாய்ந்து விழுந்தது. அதை விரலால் தொட்டதும் இரண்டாகப் பிரிந்தது.

ஐம்பது ஞாயிறு இவள் வெட்டினாள். ஒரு ஞாயிறு நான் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"கதவு சாத்திட்ட."

 அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தேன். மாவு பிசைந்தாள், காய் நறுக்கினாள், சட்டி ஏற்றினாள். எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லாததால் பழக்கதோஷத்தில் ஒரு புளியங்கட்டையைத் தள்ளிவிட்டேன். நெருப்பு அமுங்கியது.

"அத்தை, இன்னா பண்ற? கட்ட வேணாம், எடு. நெருப்பு செத்துப் போச்சி."

"எடுக்கறேன் இரு. கை ரெண்டுதான கீது எனக்கு."

"ஜல்தி அத்தை. கறி தண்ணி வுடுது."

"நீ ஏன் இப்பவே கறியப் போட்ட? சட்டி காயட்டும்னு நீதான சொல்லுவ?"

"நீ நெருப்பு குடுப்பன்னு போட்டேன்."

"குடுத்தாச்சி, குடுத்தாச்சி. கொஞ்சம் தள்ளி நில்லு, பொடவ பத்திக்கப் போவுது. பட்டுப் பொடவ உங்க மாமா வாங்கினது இல்ல, நான் முட்ட வித்து வாங்கினது."

அப்போதுதான் படியில் நிழல் தெரிந்தது. சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் மகளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், சட்டியைப் புரட்டிக்கொண்டே, வெடுக்கென்று ஒரு வார்த்தை சொன்னாள். என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று பிறகு அவளே எனக்குச் சொன்னாள். "உன் மாமியாரிடம் இப்படித்தான் பேசுவாயா" என்று கேட்டாராம். "அவங்க மட்டும் எங்கிட்ட எப்படிப் பேசறாங்க, கேட்டீங்க இல்ல? மூங்கில எடுத்துக் குடுங்க" என்றாளாம்.

அவர் படியிலேயே உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்து பிளந்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி வாங்கி அடுப்பில் வைத்தேன். சம்பந்தி கையால் விறகு வாங்குவது எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சட்டிக்கு மேலே நெருப்பு எழுந்து எட்டிப் பார்த்தது. குடைமிளகாய், கேரட், அவரை, கடைசியில் மலைக்காரி கொடுத்த வெங்காயத் தாள். இறக்கிவிட்டாள்.

அவர் அங்கேயே, அடுப்படியிலேயே, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் இலை போடவில்லை. சட்டியிலிருந்தே குச்சியால் எடுத்தார். கறி மெல்லுகிற சத்தமே கேட்கவில்லை. பாதியில் மேலே நிமிர்ந்தார். உத்திரத்தில் என் கண்டம் கயிற்றில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார். நான் அறுத்துக் கொடுத்தேன், தணலில் சுட்டு, கல்லில் தட்டி. வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"அவங்க பாட்டி ஊர்லயும் இப்டித்தான் அடுப்புக்கு மேல கட்டித் தொங்க வுடுவாங்களாம்" என்றார் வீட்டுக்காரர். "இத யாரு வெட்டுனதுன்னு கேக்கறாரு."

"நான்தான்னு சொல்லுங்க."

"சொன்னேன். இது சரியா வெட்டிகீதுன்றாரு."

மருமகள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுந்து மூலையில் இருந்த கோணிப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். தையலைப் பிரித்தார். உள்ளே ஒரு இரும்புச் சட்டி. அடி உருண்டை, இரண்டு கைப்பிடி, உள்ளே எண்ணெய் ஏறிக் கண்ணாடி மாதிரி மின்னுகிற பழைய சட்டி. கூடவே ஒரு அகலக் கத்தி, கசாப்புக் கடைக் கத்தியை விடப் பெரியது. மருமகள் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மாவின் சட்டியாம் அது. அவர் அதை மகள் கையில் கொடுக்கவில்லை. என் அடுப்பில், என் வடைச் சட்டியை இறக்கிவிட்டு, அவரே ஏற்றிவைத்தார். சரியாக உட்கார்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அடுப்பு வாய் கொஞ்சம் சின்னதாக இருந்தது. மகனைக் கூப்பிட்டுக் களிமண் கொண்டுவரச் சொல்லி, இருட்டுவதற்குள் அடுப்பு வாயை அகலப்படுத்திக் கொடுத்தார்.

பெண் அந்த வீட்டில் பொருந்தாவிட்டால் பையைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போவதாக இருந்தாராம். ரயிலில் இரண்டு ராத்திரி அந்தக் கனத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எப்படியும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார் என்று என் மகன் இன்றைக்கும் சொல்கிறான். அப்படி வந்தவர் ஏன் இரும்பைச் சுமக்க வேண்டும் என்று நான் கேட்பேன். 

மறுநாள் மத்தியான பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார். கண்டம் ஒரு கயிறு முழுக்கச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டார், மேலே போட விடவில்லை. மகனும் அவரோடு ஜங்ஷன் வரை போனான். பக்கத்து வீட்டு மலைக்காரி வேலி ஓரம் நின்று பார்த்தாள். "பொண்ண வுட்டுட்டுப் போறாரா? நல்லதாப் போச்சி. நான் அவளுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு எண்ணவே சொல்லித் தரல" என்றாள்.

பஸ் திரும்பினதும் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். புதிதாக அகலமான அடுப்பு வாயைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துவிட்டதா என்று.

"அத்தை, கறி இன்னும் கீதா?"

"ஒரு கை அளவு கீது."

அவள் கத்தியைக் காம்பு என் பக்கம் வருகிற மாதிரி நீட்டினாள். நான் பலகைக்கு முன்னால் நின்றேன். நின்றுகொண்டு வெட்டிப் பழக்கமில்லை, இடுப்பு வலித்தது. கறியைத் திருப்பி வைத்து, வரி எப்படி ஓடுகிறது என்று நகத்தால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு, குறுக்கே வெட்டினேன். அவள் மூங்கிலை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.